கோபத்துக்குச் சரியான விலாசம்: செட்டிநாட்டிலிருந்து மார்க்ஸைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் அம்மா குழுக் கடன் வாங்கியிருந்த காலத்தில் ஒரு வியாழக்கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். குழுவில் பத்துப் பேர். வார வசூலுக்கு வருகிற பையன் காலை ஏழு மணிக்கே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டான். ஒன்பது பேர் கட்டிவிட்டார்கள். பத்தாவது அக்காவால் முடியவில்லை. அந்த வாரம் அவருக்குச் சித்தாள் வேலை மூன்று நாள்தான் கிடைத்தது. அவர் கட்டும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விளக்கு வைத்த பிறகும் ஒன்பது பெண்களும் அந்த அக்கா வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். திட்டெல்லாம் அவருக்குத்தான். கடன் கொடுத்த கம்பெனியைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, எங்கள் அம்மா உட்பட. வசூல் பையனும் அன்று சாப்பிடவில்லை. பணம் வராவிட்டால் அவனுடைய சம்பளத்தில் கை வைப்பார்கள்.

இத்தனை பேருடைய கோபமும் ஏன் தப்பான வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது? எனக்கு அன்று பிடித்த கேள்வி அதுதான். அதற்கு நான் கண்ட உருப்படியான பதில்களில் பெரும்பகுதி கார்ல் மார்க்ஸிடமிருந்து வந்தது. 1818-இல் ஜெர்மனியில் பிறந்து, 1883-இல் லண்டனில் இறந்துபோன மனிதர். செட்டிநாடு என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் நம் பகுதியில் நடக்கிற அரசியலைப் புரிந்துகொள்ள அவர் கொடுத்த கருவிகள் இன்றும் வேலை செய்கின்றன. அவற்றை எப்படிக் கையில் எடுப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இதற்குக் கட்சியில் சேர வேண்டியதில்லை, பட்டப்படிப்பும் தேவையில்லை. ஒரு நோட்டு, வாரத்தில் இரண்டு மணி நேரம், மூன்று மாதப் பொறுமை இருந்தால் போதும்.

முதல் படி: புத்தகத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

நம் பக்கத்துக்குக் கணக்கு புதிதல்ல. பேரேடும் ஐந்தொகையும் புழங்கிய மண் இது. அந்தப் பழக்கத்தை உங்கள் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது, போன பணத்துக்குக் கிடைத்த பொருளின் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது. முதல் இரண்டு பத்தியும் சுலபமாக நிரம்பிவிடும். மூன்றாவதில்தான் கை நிற்கும். காலையில் வாங்கிய அரை லிட்டர் பால், பஸ் டிக்கெட், செல்போன் ரீசார்ஜ் என்று ஒவ்வொன்றுக்கும் யோசித்து எழுதுங்கள். தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குப் போய் வாருங்கள். இடித்த வீடுகளின் தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் தூக்குகள், பித்தளை அண்டாக்கள் எல்லாம் அங்கே விலைச்சீட்டோடு நிற்கும். அண்டாவில் ஒரு காலத்தில் கல்யாணச் சோறு வடித்தார்கள். அது அதன் பயன்மதிப்பு. இன்று அதில் யாரும் சோறு வடிக்கப் போவதில்லை. ஒரு ஓட்டலின் வரவேற்பறையில் வைக்கத்தான் வாங்குகிறார்கள். கடையில் ஒட்டியிருக்கும் எண், அது சந்தையில் எதற்குச் சமம் என்று சொல்கிறது. அது பரிவர்த்தனை மதிப்பு. ஒரே பொருளுக்குள் இந்த இரண்டும் இருப்பதும், சந்தை இரண்டாவதை மட்டுமே பார்ப்பதும் மார்க்ஸின் ‘மூலதனம்’ தொடங்குகிற இடம். முதல் அத்தியாயத்தைப் படித்துத் தலை சுற்றியவர்கள் இந்தத் தெருவில் அரை மணி நேரம் நின்றால் பாதி தெளிந்துவிடும் என்பது என் அனுபவம்.

இரண்டாம் படி: ஒரு ஆத்தங்குடிக் கல்லின் விலையைப் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதை நேரில் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு நிரவி, காயவைத்து, தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளையில் சுடுவதில்லை. பளபளப்பு கண்ணாடியிலிருந்தும் கைப்பக்குவத்திலிருந்தும் வருகிறது.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் புரிதலுக்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்கள் உங்கள் வேலையிடத்தின் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு தொழிலாளி எட்டு மணி நேரத்தில் செய்யும் கற்கள் 3,200 ரூபாய்க்கு விற்கின்றன என்று வைப்போம். சிமெண்ட், மணல், வண்ணம், அச்சுத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து 1,600. இவை இருந்த மதிப்பைக் கல்லுக்கு மாற்றிக் கொடுத்தன, அவ்வளவுதான். மீதி 1,600 ரூபாய் அன்றைய உழைப்பு புதிதாகச் சேர்த்தது. தொழிலாளிக்குக் கூலி 700. மிச்சம் 900. இந்த 900-க்குத்தான் மார்க்ஸ் உபரி மதிப்பு என்று பெயர் வைத்தார். நேரமாக மாற்றினால், எட்டு மணி நேரத்தில் மூன்றரை மணி நேரம் தொழிலாளி தன் கூலிக்காக உழைக்கிறார், நாலரை மணி நேரம் அந்த 900-க்காக.

“அப்போ முதலாளி திருடுகிறாரா?” என்று எல்லோரும் இங்கே கேட்பார்கள். இல்லை என்பதுதான் மார்க்ஸின் பதில், அவரைப் படிக்க வேண்டிய காரணமும் அதுவே. பேசின கூலியை முதலாளி ஒழுங்காகக் கொடுத்துவிட்டார். அவர் விலைக்கு வாங்கியது தொழிலாளியின் உழைப்புச் சக்தியை, அதாவது ஒரு நாள் வேலை செய்யும் திறனை. அந்தத் திறனுக்கு ஆகும் விலையும், அது ஒரு நாளில் உண்டாக்கும் மதிப்பும் வேறு வேறு. அந்த வித்தியாசம் யாருக்குச் சேரும் என்பதைப் பட்டறை யார் பெயரில் இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது.

அந்த 900 முழுவதும் முதலாளி வீட்டுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். இடத்துக்கு வாடகை, வங்கிக்கு வட்டி, வரி, இடையில் வாங்கி விற்கிறவர் பங்கு எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. சிறு பட்டறைக்காரர் ஒருவர் தானும் தூக்கமில்லாமல் இருப்பதாகச் சொன்னால் நம்புங்கள். மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் முன்னுரையில், முதலாளியையும் நிலவுடைமையாளரையும் பொருளாதார உறவுகளின் உருவங்களாகத்தான் பார்க்கிறேன், அந்த உறவுகளுக்குத் தனிமனிதரைப் பொறுப்பாக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். மனிதரை விட்டுவிட்டு உறவைப் பார் என்ற இந்தப் பாடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

மூன்றாம் படி: வட்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

இது நம் வீட்டுப் பாடம். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டு வளவில் நின்றுகொண்டு இதைப் படிக்கலாம்.

விவசாயி நெல்லை விற்றுத் துணி வாங்குகிறார். சரக்கு, பணம், சரக்கு. வியாபாரி பணம் போட்டு நெல் வாங்கி, கூடுதல் பணத்துக்கு விற்கிறார். பணம், சரக்கு, கூடுதல் பணம். வட்டிக்கடையில் நடுவில் இருக்கிற சரக்கும் காணாமல் போய்விடுகிறது. பணம், கூடுதல் பணம், அவ்வளவுதான். பணம் தானே குட்டி போடுவது போல இருக்கும் இந்தத் தோற்றத்தை ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார். 1894-இல், அவர் இறந்து 11 வருடம் கழித்து, அவருடைய நண்பர் எங்கெல்ஸ் அதை வெளியிட்டார். பணம் குட்டி போடாது, எங்கோ யாரோ உழைத்தது வட்டியாக வந்து சேர்கிறது என்பதுதான் அங்கே அவர் காட்டுவது.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவில் வட்டிக்கடை போட்டது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1852-இல் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை பக்கமானது. ஐராவதி டெல்டாவில் காட்டை அழித்து நெல் போட வந்த விவசாயிக்கு முதல் போடப் பணம் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் அவருக்கு நேராகக் கொடுக்கவில்லை. அந்த வங்கிகளிடம் வாங்கிய பணத்தோடு தங்கள் சொந்த முதலையும் சேர்த்துச் செட்டியார்கள் கொடுத்தார்கள். ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார்கள் கடை வைத்திருந்த கட்டடங்களில், மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று மூன்று வருடக் கணக்குக்கு நம் ஊர் ஆட்கள் போய் உட்கார்ந்தார்கள். 1929–30-இல் பர்மா வங்கி விசாரணைக் குழு செட்டியார்களின் மொத்த முதலீட்டை 75 கோடி ரூபாய் அளவில் மதிப்பிட்டது.

பிறகு உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் விளைநிலத்தில் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-இல் அது 25 சதவீதம். அவர்கள் நிலத்தைத் தேடிப் போகவில்லை. வட்டித் தொழிலுக்கு வேண்டியது புரளும் பணம். கையில் வந்து சேர்ந்ததோ விற்க முடியாத வயல். ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு லண்டன் சந்தையும் தெரியாது, வங்கியும் தெரியாது. எதிரே தெரிந்தது ஒரு தமிழ் முகம். அந்த முகத்தின் மேல் கோபம் திரண்டது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது நடந்தே திரும்பியவர்களின் கதை நம் ஊரில் பல வீடுகளில் இருக்கிறது. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது.

இதைப் படிக்கும்போது நகரத்தாரைக் குற்றவாளியாகவும் பார்க்க வேண்டாம், வெறும் பலியாகவும் பார்க்க வேண்டாம். அந்தப் பணத்தில் கோயில் திருப்பணி நடந்தது, பள்ளிக்கூடம் வந்தது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும்தான் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். நன்றியும் இருக்கட்டும், அந்த மூலதனத்தில் சேர்ந்திருந்தது யார் யாருடைய உழைப்பு என்ற கேள்வியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இனி எங்கள் அம்மாவின் குழுக் கடனுக்கு வருவோம். புதுவயலில் ஒரு அரிசி ஆலைக்காரர் வங்கியில் கடன் வாங்குகிறார். அந்தப் பணம் ஆலையில் இறங்கி உபரியைக் கொண்டுவருகிறது, வட்டி அந்த உபரியிலிருந்து போகிறது. அம்மா வாங்கியது பள்ளிக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும். அந்தப் பணம் எங்கும் போய் லாபம் சம்பாதிக்கவில்லை. வட்டி நேராகக் கூலியிலிருந்து போனது. இரண்டுக்கும் பெயர் கடன்தான். ஆனால் ஒன்று லாபத்தில் பங்கு கேட்கிறது, மற்றது சோற்றில் பங்கு கேட்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் செய்தித்தாளைப் படிக்கும் விதமே மாறிவிடும். 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2022-இல் ரிசர்வ் வங்கி, குழுக் கடன் போன்ற சிறு கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டது. 2025 ஏப்ரலில் வசூல் அடாவடிக்கு எதிரான மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. இந்தச் சட்டம் தேவைதான். அது முன்பே இருந்திருந்தால் அந்த அக்கா அப்படி அவமானப்பட்டிருக்க மாட்டார். அதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஏழு நாள் உழைக்கத் தயாராக இருந்தவருக்கு மூன்று நாள் வேலைதான் கிடைத்தது ஏன், கிடைத்த கூலி பள்ளிக் கட்டணத்துக்கு ஏன் போதவில்லை என்று கேட்கவும் மார்க்ஸ் நம்மைப் பழக்குகிறார்.

நான்காம் படி: எதை முதலில் படிப்பது

‘மூலதனம்’ முதல் தொகுதியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். இதைச் சொன்னவர் மார்க்ஸே. புத்தகம் வெளிவந்த 1867-இல், தன் நண்பர் குகெல்மனுக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய மனைவி முதலில் வேலைநாள், கூட்டுறவு, இயந்திரம், ஆதித் திரட்டல் (மூலதனம் முதன்முதலில் எப்படிச் சேர்ந்தது என்பது) பற்றிய பகுதிகளைப் படிக்கட்டும் என்று யோசனை சொன்னார்.

நான் சொல்லும் வரிசை இது. முதல் மாதம் ‘கூலியுழைப்பும் மூலதனமும்’. 1847-இல் தொழிலாளர்களுக்கு அவர் ஆற்றிய உரைகளிலிருந்து உருவான சிறு நூல், இரண்டு உட்காரலில் முடிந்துவிடும். அப்புறம் ‘கூலி, விலை, லாபம்’. கூலியை ஏற்றினால் விலைவாசி ஏறும் என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வது என்பதற்காகவே 1865-இல் பேசியது. இரண்டாவது மாதம் மூலதனத்தின் வேலைநாள் அத்தியாயம், ஆங்கிலப் பதிப்பில் அது பத்தாவது. மூன்றாவது மாதம் அதே தொகுதியின் கடைசிப் பகுதியான ஆதித் திரட்டல். கம்யூனிஸ்ட் அறிக்கையை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். 1848-இல் வெளிவந்த அது தமிழுக்கு 1931 அக்டோபரிலேயே பெரியாரின் ‘குடி அரசு’ மூலம் வந்துவிட்டது. மூலதனத்தைத் தமிழில் க.ரா. ஜமதக்னியும், சிறையில் இருந்தபடியே தியாகுவும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். மொழி கடினமாக இருந்தால் சத்தம் போட்டுப் படியுங்கள். கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்பது நமக்குப் பழகின முறைதானே.

சிராவயலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். காரைக்குடியிலிருந்து பக்கம்தான். பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா (ப. ஜீவானந்தம்) இளைஞராக அங்கே ஆசிரமம் நடத்தியபோது 1927-இல் காந்தி அவரைப் பார்க்க வந்தார். கதர், தீண்டாமை ஒழிப்பு என்று தொடங்கிய ஜீவா சுயமரியாதை இயக்கம் வழியாகப் பொதுவுடைமைக்கு வந்து சேர்ந்தார். நீங்களும் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். கோயிலுக்குப் போகிறவர் இதைப் படிக்கக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது.

ஐந்தாம் படி: ஒரு செய்தியை எடுத்து உரசிப் பாருங்கள்

வேலைநாள் அத்தியாயத்தில் மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுப் பெண் வருவார். லண்டனில் பெரிய இடத்துப் பெண்களுக்கு உடை தைக்கும் கடையில், அறுபது பெண்களோடு இடைவிடாமல் இருபத்தாறரை மணி நேரம் வேலை பார்த்து 1863 ஜூனில் செத்துப்போனவர். நம் ஊர்க் கடைவீதியில் தீபாவளிக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான். உட்காரும் உரிமைக்குக்கூடச் சட்டம் தேவைப்படுகிறது. நீங்கள் போகிற கடையில் இருக்கை இருக்கிறதா, இருந்தால் அதில் உட்கார விடுகிறார்களா என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து, 2023 ஏப்ரல் 21-ஆம் தேதிச் செய்தியை எடுங்கள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தத்தைச் சட்டப்பேரவை அன்று நிறைவேற்றியது. எதிர்ப்பு வந்ததும் மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெற்றுவிட்டதாக அறிவித்தார்கள். பொதுவுடைமை முன்னோடி சிங்காரவேலர் 1923-இல் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருடம். இங்கிலாந்தில் பத்து மணி நேரச் சட்டம் 1847-இல் வந்த கதையை மார்க்ஸ் சொல்வதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கும் முதலாளிகள் சொன்னது, நேரத்தைக் குறைத்தால் தொழில் போய்விடும் என்பது. இங்கும் கிட்டத்தட்ட அதே பேச்சு. இரண்டாம் படியில் போட்ட மூன்றரை, நாலரை கணக்கை எடுத்து, எட்டைப் பன்னிரண்டாக்கினால் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தால் விளங்கிவிடும்.

உணவு டெலிவரி செய்யும் தம்பிகளைப் பற்றிப் பேசும்போது, துண்டுக்கூலி பற்றிய சிறிய அத்தியாயத்தைப் படியுங்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்றால், மேஸ்திரி விரட்டாமலே தொழிலாளி தன் வேலை நேரத்தைத் தானே நீட்டிக்கொள்வார் என்று மார்க்ஸ் எழுதியிருக்கிறார். வண்டி சொந்தம், பெட்ரோல் சொந்தம், விழுந்தால் காயமும் சொந்தம். 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களைத் தனி வகையாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் ‘தொழிலாளி’ என்ற பழைய சொல்லுக்குள் கொண்டுவராமல் தனி வகையாக வைத்தது ஏன் என்று உங்கள் குழுவில் பேசுங்கள்.

ஆறாம் படி: சாதி முன்னால் கருவியைச் சோதியுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு மார்க்ஸியம் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். நான் கடுமையாகச் சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது.

செட்டிநாடு முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் தலித் மக்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றானது. அப்போதைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. அதே பட்டியலில், காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மிராசுதார்களுக்கு வேலை செய்ய வேண்டும், ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா கூலி என்றும் இருக்கிறது. சொந்த நிலத்தை அற்ப விலைக்கு மிராசுதாருக்கே விற்றுவிட வேண்டும் என்றும் இருக்கிறது.

பதினோரு மணி நேர வேலைநாள், கூலி விகிதம், நிலம் பறிப்பு. இவை மார்க்ஸின் அத்தியாயத் தலைப்புகள். நகை, வேட்டி, பள்ளிக்கூடம் வேறு வகை. கூலி ஏறினாலும் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்குவதைப் பொறுக்க முடியாதவர்கள் இருந்தார்கள். பொருளாதாரம் மட்டும் சரியானால் சாதி தானாக உதிரும் என்று சொல்வது இந்தப் பட்டியலின் பாதியைக் கிழித்துவிட்டுப் படிப்பது. சாதி வெறும் மனநிலை, சோற்றுக்கும் நிலத்துக்கும் அதில் சம்பந்தமில்லை என்பது மறு பாதியைக் கிழிப்பது. சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைப்பாளர்களையே பிரிக்கிறது என்று 1936-இல் அம்பேத்கர் எழுதினார். மார்க்ஸைப் படிக்கும் தமிழர் பக்கத்திலேயே அம்பேத்கரை வைத்துக்கொள்ள வேண்டும். தேவகோட்டை பக்கத்தில் கண்டதேவித் தேரின் வடத்தை யார் பிடிக்கலாம் என்ற வழக்கு பல ஆண்டு நடந்து, நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2024 ஜூனில்தான் அங்கே தேர் ஓடியது. வடம் பிடிப்பதில் கூலி எதுவும் இல்லை. ஆனாலும் அதற்காகத்தான் அத்தனை போராட்டம்.

மார்க்ஸிடம் வேறு குறைகளும் உண்டு. 1853-இல் இந்தியா பற்றி அவர் எழுதிய கட்டுரைகளில் நம் கிராமங்களை அசையாத குட்டை மாதிரிப் பார்த்தார். கடைசிக் காலத்தில், 1881-இல் ரஷ்யக் கிராமச் சமூகங்கள் பற்றிய கடிதத்தில், எல்லா நாடும் ஒரே பாதையில்தான் போக வேண்டும் என்பதை அவரே மறுத்தார். அவர் பெயரைச் சொல்லி நடந்த ஆட்சிகளையும் மறைக்காமல் பேசுங்கள். 1932–33 சோவியத் பஞ்சத்தையும் சிறை முகாம்களையும் தெரிந்துகொள்ளாமல் 1991-இல் அந்த நாடு ஏன் கலைந்தது என்று புரியாது.

ஏழாம் படி: பக்கத்தில் வேலை செய்கிறவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் சரக்கு இறக்கும் நிறுவனங்கள் பர்மியர்களை அந்த வேலைக்கு எடுத்தன. பேச்சுவார்த்தை முடிந்து பழையவர்கள் திரும்பியதும் பர்மியர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு தரப்பும் அந்த நிறுவனங்களைக் கேட்டிருக்கலாம். ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள், நூற்றுக்கணக்கில் செத்தார்கள்.

1870 ஏப்ரலில் எழுதிய ஒரு கடிதத்தில் மார்க்ஸ் இதே நிலையை இங்கிலாந்தில் விவரிக்கிறார். ஆங்கிலத் தொழிலாளி, தன் கூலியைக் குறைக்க வந்தவன் என்று ஐரிஷ் தொழிலாளியை வெறுக்கிறான். பத்திரிகையும் பிரசங்கமும் அந்த வெறுப்பை ஊதிவிடுகின்றன. எண்ணிக்கையில் பெரிதாக இருந்தும் அந்தத் தொழிலாளி வர்க்கம் பலமில்லாமல் கிடப்பதற்கு இதுதான் ரகசியம் என்கிறார்.

இப்போது காரைக்குடியில் ஒரு டீக்கடையில் நின்று கேளுங்கள். “வடக்கன் வந்து கூலியக் கெடுத்துட்டான்” என்ற பேச்சு எத்தனை முறை காதில் விழுகிறது? 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவி, பயந்துபோய் ரயிலேறியவர்கள் பலர். கடல் தாண்டிப் போய், அந்நியன் என்று திட்டு வாங்கி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து வந்தவர்களின் ஊர் இது. நாமே இன்னொருவரை அப்படிப் பார்ப்பது எனக்கு மனசுக்கு ஆறவில்லை.

இந்தப் படிக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். உங்கள் தெருவில் கட்டட வேலைக்கோ ஓட்டல் சமையலறைக்கோ வந்திருக்கும் ஒருவரிடம் அரைகுறை இந்தியிலாவது பேசி, அவருக்கு என்ன கூலி, அதில் இடையில் கூட்டி வந்த ஏஜெண்ட் எவ்வளவு எடுக்கிறார், எத்தனை மணி நேர வேலை என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் அதே வேலைக்கு நம் ஊர்க்காரர் கேட்கும் கூலியை எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யார் பையில் சேர்கிறது என்று மூன்றாவது பத்தியில் எழுத முயலுங்கள். முதல் வாரம் போட்ட கேள்விக்குறிகளில் சில இங்கே நிரம்பும்.

கூடிப் படிக்கிறவர்களுக்கு

ஐந்தாறு பேர் போதும். பத்தைத் தாண்டினால் இருவர் பேச எட்டுப் பேர் தூங்குவார்கள். ஒருவர் அரை மணி நேரம் படிக்கட்டும், பிறகு நோட்டுகளைத் திறந்து அவரவர் கணக்கைச் சொல்லட்டும். ‘முரணியக்கம்’, ‘பொருள்முதல்வாதம்’ போன்ற சொற்களைத் தொடக்கத்திலேயே இறக்காதீர்கள். ஒரு சொல்லைச் சொன்னால் அதற்கு நம் தெருவிலிருந்து ஒரு எடுத்துக்காட்டும் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். பர்மா நினைவுகள் கேட்டு வளர்ந்த பெரியவர் யாராவது கிடைத்தால் மூன்றாம் படியன்று அழைத்து வாருங்கள். அவர் சொல்வதை மறுக்காமல் முழுவதும் கேளுங்கள்.

நாள் குறிக்கும் முன் தெருவில் எந்தெந்தக் கிழமை வார வசூல் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குழுக் கடன் கட்டுகிற பெண்கள் வர முடியாத நாளில் இந்தக் கணக்கை மற்றவர்கள் உட்கார்ந்து பேசுவதில் அர்த்தமில்லை. நாங்கள் வியாழனை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி என்று வைத்திருக்கிறோம். அந்தப் பத்தாவது அக்காவும் வருகிறார். வேலைநாள் அத்தியாயத்தைப் போன மாதம் அவர்தான் படித்தார்.